வள்ளம் இழுக்கும்போது பழைய பிக்கப்பின் மைலேஜ் ஒன்பதிலிருந்து ஆறரைக்கு இறங்கிவிட்டது: எங்கே தேடுவது?

குளச்சல் வள்ளப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குளச்சலுக்கு அருகில் ஃபைபர் வள்ளங்களைப் பழுது பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 2011இல் வாங்கிய போலேரோ பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2523 சிசி டர்போ டீசல் எஞ்சின், ஐந்து கியர். இதுவரை மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியிருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரைப் பின்னால் மாட்டி, கடப்புறத்திலிருந்து வள்ளத்தைப் பட்டறைக்கு ஏற்றி வருவதும், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் இறக்குவதும்தான் வண்டியின் முக்கால்வாசி வேலை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. முப்பது அடி வள்ளமும் டிரெய்லருமாகச் சேர்த்து எடை மேடையில் 1,620 கிலோ காட்டியது. அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றிப் பிக்கப்பிலேயே வைத்துவிடுவேன்.

தை மாதத்தில் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்குமாக வள்ளம் இழுத்தபோது லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கிடைத்தது. ஆனி பிறந்த பிறகு எத்தனை முறை கணக்குப் பார்த்தாலும் ஆறரையைத் தாண்டவில்லை. டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது இந்த வித்தியாசம் என் கூலியில் நேராகக் கை வைக்கிறது. டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது முன்பு பன்னிரண்டரை கிடைத்தது. இப்போது பன்னிரண்டு கிடைக்கிறது.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிட்டேன். ஆயிலும் புதிது. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி அழுத்தம் பார்த்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. ஒரு மெக்கானிக் எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர், எஞ்சினுக்கு டீசல் கொடுக்கும் பம்பில் அளவைச் சற்றுக் கூட்டி வைத்தால் இழுவை கூடும், அதனால் மைலேஜும் கூடும் என்கிறார். இரண்டுமே எனக்கு முழு நம்பிக்கை தரவில்லை.

இன்னொரு புதிரும் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு வள்ளத்தைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டு, வெறும் டிரெய்லரோடு ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்பினேன். வள்ளத்தோடு போனபோது கிடைத்ததைவிட, வெறும் டிரெய்லரோடு வந்தபோது கிடைத்தது அரை கிலோமீட்டர் குறைவு. கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தக்கலை பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். உங்கள் கேள்விக்கான பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். டிரெய்லர் இல்லாதபோது பன்னிரண்டரை பன்னிரண்டாகத்தான் இறங்கியிருக்கிறது. டிரெய்லர் மாட்டினால் ஒன்பது ஆறரையாகிறது. கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ, பம்ப் டைமிங் தள்ளியிருந்தாலோ, டர்போ ஹோஸ் கீறிக் காற்றை வெளியே விட்டாலோ, அந்தக் குறை வெறும் வண்டியிலும் ஓரளவுக்குத் தெரிந்தே தீரும். பின்னால் ஒன்றை மாட்டியதும் மட்டும் மைலேஜ் விழுகிறது என்றால், முதலில் அந்தப் பின்னால் மாட்டியதைத்தான் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிரெய்லர் என்பது எல்லோரும் கழுவிவிட்டு மறந்துபோகும் பொருள். வண்டிக்கு ஆயில் மாற்றிய தேதி சொல்லுவார்கள், டிரெய்லரின் சக்கரத்துக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தீர்கள் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்.

உங்கள் தொழிலில் அது இன்னும் முக்கியம். வள்ளத்தை இறக்கும்போது டிரெய்லரின் சக்கரம் கடல் தண்ணீரில் முங்குகிறது, இல்லையா? பத்து இருபது கிலோமீட்டர் ஓடி வந்த பிறகு, சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹப் சூடாக இருக்கும்; அதன் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அதை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீலின் ஓரத்து வழியாகக் கடல் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸோடு உப்புத் தண்ணீர் கலந்தால் அது சாம்பல் கலந்த பால் நிறத்துக்கு மாறிவிடும். பிறகு பேரிங்கின் உருளைகளில் துரு குத்த அதிக நாள் எடுக்காது.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். வள்ளத்தை ஏற்றிக்கொண்டு சுமார் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். கடைசி அரை கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இறங்கியதும் பிக்கப்பின் நான்கு சக்கரங்கள், டிரெய்லரின் இரண்டு சக்கரங்கள் ஆகியவற்றின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நேராகத் தொட்டுவிட வேண்டாம், சில நேரம் தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடு இருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் திருடன் அங்கேதான் இருக்கிறான். பிறகு வள்ளத்தை இறக்கிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். நல்ல சக்கரம் சத்தமில்லாமல் பல சுற்று சுற்றி நிற்கும். கெட்டது அம்மியில் மிளகாய் அரைப்பதுபோல் ஒலிக்கும்.

அதோடு டயர் காற்றையும் பாருங்கள். டிரெய்லர் டயருக்கும் பிக்கப்பின் பின் டயருக்கும், தயாரித்தவர்கள் அந்தச் சுமைக்கு என்ன அழுத்தம் சொல்லியிருக்கிறார்களோ அதைக் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டும். மணலில் புதையாமல் இருக்கக் கடப்புறத்தில் காற்றை இறக்கிவிட்டு, ரோட்டுக்கு வந்த பிறகு நிரப்ப மறந்துபோகிற பழக்கம் உங்கள் பகுதியில் நிறையப் பேருக்கு உண்டு.

வெறும் வண்டியில் விழுந்த அந்த அரை கிலோமீட்டருக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எஞ்சின் சூடாகி அரை மணி நேரம் ஓடிய பிறகு, சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறதா, கீழேயே கிடக்கிறதா? ஒரு முறை எஞ்சின் சூடேறியது என்பதற்காகத் எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பும் பழக்கம் நம் ஊரில் இன்றும் இருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். ஆயில் கெட்டியாக இருக்கும், டீசல் முழுதாக எரியாது. அந்த வால்வை விற்பவர்கள் அதற்குக் கேட்கும் விலை, நீங்கள் ஒரு வாரத்தில் வீணாக்கும் டீசலைவிடக் குறைவு.

தோவாளைப் பூவண்டி எழுதியது:

அண்ணாச்சி, தூத்துக்குடிப் புதிருக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் கணக்கு தவறில்லை. தோவாளைச் சந்தையிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு அந்த வழியில் வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறவன் நான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வருகிறது என்பது முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே விளங்கும்; இரண்டு பக்கமும் மலை தடையாக இருப்பதால், மேற்கிலிருந்து வரும் காற்று அந்த வாய்க்குள் நெருக்கப்பட்டு வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. ஆனி, ஆடியில் அங்கே பைக்கில் போகிறவர்கள் குனிந்துதான் ஓட்டுவார்கள். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போகும்போது காற்று உங்களைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தடுக்கிறது.

காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடும் என்பதுதான் இதன் சூட்சுமம். நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பின்னாலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சந்திக்கும் காற்று 30தான். திரும்பி வரும்போது அதே 60இல் வந்தால், வண்டி சந்திக்கும் காற்று 90. மூன்று மடங்கு வேகம், ஒன்பது மடங்கு தடை. வள்ளத்தின் எடை இல்லாமல் போனதால் மிச்சமான டீசலை அந்தக் காற்று அப்படியே குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறது.

ஆகவே ஒன்று சொல்வேன்: தையில் எடுத்த ஒன்பதையும் ஆனியில் எடுத்த ஆறரையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முழுதும் நியாயமில்லை. கடற்கரைச் சாலையிலும் இந்த மாதங்களில் காற்று குறைவாக இருப்பதில்லை. பட்டறை ஐயா சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டரை கிலோமீட்டர் வித்தியாசம் முழுவதையும் பேரிங்கில் தேடாதீர்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றால், ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் திரும்பும் பயணத்தில் முப்பந்தலிலிருந்து தோவாளை வரை 45க்கு மேல் ஓட்டுவதில்லை. பத்து நிமிடம்கூடத் தாமதமாகாது. முடிந்தால் விடியற்காலையில் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவேன். வெயில் ஏறிய பிறகு வீசும் காற்றைவிட அப்போது அடங்கி இருப்பது என் அனுபவம். உங்கள் கேபின் மேல் கேரியர் இருக்கிறதா? கம்பு, துடுப்பு வைக்க நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத நாளில் அதைக் கழற்றிவிடுங்கள். வள்ளத்தின் மேல் தார்ப்பாய் போடுவதாக இருந்தால் தோல்போல ஒட்டி இருக்கும்படி இழுத்துக் கட்டுங்கள். அது பலூன்போல உப்பினால் பின்னால் பாராசூட்டை விரித்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

குலசேகரம் ரப்பர்த்தடி எழுதியது:

பட்டறைக்காரர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் காற்று ஒரு பிரச்சினையே இல்லை. ஏற்ற இறக்கம்தான் பிரச்சினை. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ரப்பர்த்தடி ஏற்றி மார்த்தாண்டம் வரை இறக்கி வருகிறேன். கேட்டவருக்குப் பயன்படும் என்பதால் ஓட்டும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வண்டி, வள்ளம், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 4 டன் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 4 டன்னை ஒரு முறை முழுதாக நிறுத்திவிட்டு மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவர, சுமார் 35 மில்லி டீசல் ஆகும். சாலையில் முப்பது முறை அப்படி நிறுத்தினால், ஒரு லிட்டர் பிரேக் டிரம்மில் சூடாகப் போய்விட்டது என்று பொருள். அதே 4 டன்னை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் ஆகிறது. இறங்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் அதிலிருந்து எதுவும் திரும்பக் கிடைக்காது. ஆகவே தூரத்தில் பேருந்து நிற்பது தெரிந்ததும் காலை எடுத்து, கியரிலேயே உருள விடுங்கள். கியரில் உருளும்போது காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டு இறக்குவது மிச்சம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது எஞ்சின் ஓடுவதற்கு டீசல் வேண்டும், அதோடு பின்னால் ஒன்றரை டன் தள்ளும்போது எஞ்சின் பிடி இல்லாமல் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

கியரைப் பொறுத்தவரை, டாப் கியரில் போட்டுவிட்டால் மைலேஜ் என்பது வெறும் வண்டிக்குச் சரி. சுமை இழுக்கும்போது ஐந்தாம் கியரில் எஞ்சின் முக்கிக்கொண்டு, பெடலை அடியோடு மிதித்தும் வேகம் ஏறாமல் இருந்தால், உள்ளே கொடுக்கும் டீசலில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகக் கறுப்புப் புகையாகத்தான் போகிறது. நான்காவதுக்கு இறக்கி, பெடலைப் பாதி அழுத்தி ஓட்டினால் குறைவாகவே குடிக்கும். குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை உள்ள சாலையில் ஐந்தாம் கியருக்கு வேலையே இல்லை என்பேன். காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலை சமதளமாக வந்த பிறகு, 60இல் ஐந்தாவது சிரமமில்லாமல் இழுத்தால் அங்கே போடலாம்.

பம்பில் டீசலைக் கூட்டுவது பற்றி: செய்யாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன். இழுவை கூடியது உண்மை. பின்னால் வருகிறவர்கள் திட்டும் அளவுக்குப் புகையும் கூடியது, மைலேஜ் ஒரு கிலோமீட்டர் இறங்கியது, ஏற்றத்தில் எஞ்சின் சூடேற ஆரம்பித்தது. மூன்றே வாரத்தில் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டேன். டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், டாங்கியில் ஊற்றும் பாட்டில் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, வள்ளத்தை டிரெய்லரில் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். உங்கள் 1,620 கிலோவுக்கு 160 முதல் 200 கிலோ வரை. பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வாலை ஆட்டும். அதை அடக்க நீங்கள் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் மாறி மாறிப் பயன்படுத்துவீர்கள். டீசல் போவது இருக்கட்டும், வண்டியே போய்விடும்.

குளச்சல் வள்ளப்பட்டறை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கே ஒதுக்கினேன், கண்டதை எழுதுகிறேன்.

ஒரு வள்ளத்தை ஏற்றிக்கொண்டு திங்கள்நகர் வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினேன். பிக்கப்பின் நான்கு சக்கரங்களிலும் வித்தியாசம் தெரியவில்லை. டிரெய்லரின் வலது சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனதும் எடுத்துவிட்டேன். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சீறியது.

ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் வலது சக்கரம் நன்றாகவே சுற்றியது. இடது சக்கரம் முக்கால் சுற்றில் நின்றுவிட்டது. ஐயா சொன்ன அம்மிச் சத்தத்தைக் கேட்க என் மகனையும் அழைத்துக் காட்டினேன். மூடியைத் தட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை, அரிசி கழுவிய தண்ணீரில் சாம்பலைக் குழைத்ததுபோல் ஒன்று. வெளிப் பேரிங்கின் உருளைகள் இரண்டில் துரு குத்தியிருந்தது. உள் பேரிங்கின் கூடு உடைந்திருந்தது. இதில் என் தவறும் ஒன்று உண்டு: போன ஐப்பசியில் நட்டை முடிந்த மட்டும் இறுக முறுக்கிவிட்டு, அதன் பூட்டுப் பின்னைப் போட்டிருக்கிறேன்.

டயர் காற்று அதைவிட வெட்கக்கேடு. 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடது டயரில் 27, வலதில் 31 இருந்தது. மணலில் இறக்கியதுதான் காரணம். நிரப்ப மறந்ததும் நான்தான். இடது டயரின் இரண்டு ஓரங்களும் நடுப்பகுதியைவிட வழுக்கையாகத் தேய்ந்திருந்தன.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தோம். வால்வு இல்லை. எப்போது யார் கழற்றியது என்று தெரியாது. வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஐந்து பட்டறைகள் பார்த்தாயிற்று.

தக்கலை பட்டறைக்காரர் எழுதியது:

பேரிங் இரண்டையும், வெளிக்கூட்டையும், சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். வலது பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள், ஒரே கடலில் இறங்கிய சக்கரம்தான் அதுவும். தண்ணீரை எதிர்க்கும் கிரீஸைக் கேட்டு வாங்கி, பழையதை மண்ணெண்ணெயில் முழுதும் கழுவிய பிறகு உருளைகளுக்கு இடையே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முறுக்கி, பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, பூட்டுப் பின்னுக்கான துளை ஒத்துவரும் இடத்தில் நிறுத்த வேண்டும்; சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தட்டக் கூடாது. கடலில் இறக்குவதற்கு முன் இருபது நிமிடம் நிழலில் நிறுத்தி ஹப்பை ஆற விடுங்கள். அந்த நேரத்தில் வள்ளத்தின் கட்டுகளை அவிழ்க்கலாம், தேநீரும் குடிக்கலாம்.

குளச்சல் வள்ளப்பட்டறை எழுதியது:

இருபது நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு ஹப்பிலும் பேரிங்கும் சீலும் புதிது. டயர்களில் 50 வைத்திருக்கிறேன். கடப்புறத்தில் காற்றை இறக்கினால் திரும்ப நிரப்ப, பிக்கப்பின் பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்று வாங்கிக் கதவுப் பையில் வைத்துவிட்டேன். தெர்மோஸ்டாட் போட்ட பிறகு முள் நடுவில் நிற்கிறது. கேபின் மேல் இருந்த கேரியர் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. நான்காம் கியரிலேயே ஓட்டுகிறேன்.

ஒரே பம்பில், ஒரே குழாயில், தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி மூன்று முறை டாங்கி நிரப்பிக் கணக்கெடுத்தேன். வள்ளத்தோடு 8.1, 7.9, 8.2. டிரெய்லர் இல்லாமல் 12.6. பாக்கி ஒரு கிலோமீட்டர், தோவாளைத் தம்பி சொன்ன காற்றா என்பதைத் தையில் பார்த்து இங்கேயே எழுதுகிறேன். நாளை விடியற்காலை நான்கு மணிக்கு உவரிக்கு ஒரு வள்ளம் போகிறது. திரும்பும்போது முப்பந்தலில் 45.